இப்போது செய்யும் தொழிலுக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள்? கொழும்பில் உழைப்பவர்களும் உழைத்து ஓய்ந்தவர்களும் எழுதுங்கள்

வெள்ளவத்தை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் தமிழ்மொழி மூல உயர்தர வணிகப் பிரிவு மாணவருக்கு நெடுங்காலம் கணக்கீடு கற்பித்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். உயர்தரப் பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் பழைய மாணவரும் அவர்களுடைய பெற்றோரும் வீடு தேடி வருவார்கள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகள் இனிப்போடு வந்து போவார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மயிரிழையில் தவறவிட்ட பிள்ளைகளோடுதான் மணிக்கணக்காகப் பேச வேண்டியிருக்கிறது. வணிகப் பிரிவுக்கான அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் எஞ்சிய 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பகிரப்படுவதால், வேறு சில மாவட்டங்களில் இடம் கிடைத்திருக்கக்கூடிய புள்ளியோடு கொழும்புப் பிள்ளை வெளியே நிற்பது வழமை. அந்த முறை சரியா பிழையா என்று விவாதிக்க இந்த இழையைத் தொடங்கவில்லை. வெளியே நிற்கும் பிள்ளை அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்பதே என் கேள்வி.

அந்தப் பிள்ளைகளிடம் கேட்டால் சி.ஏ., சிமா என்னும் கணக்காளர் பரீட்சைகள், வங்கிப் பரீட்சை, கனடா என்பவற்றுக்கு அப்பால் எதுவும் வருவதில்லை. அவர்கள் நாளாந்தம் கடந்துபோகும் காலி வீதியிலும் புறக்கோட்டையிலும் நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையிலும் எத்தனை விதமான தொழில்கள் நடக்கின்றன, அவற்றுக்குள் ஒருவர் எந்த வாசலால் நுழைகிறார் என்பதை எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. பாடநூலும் சொல்லாது. ஆகவே உங்களைக் கேட்கிறேன். முதல் வேலை யார் மூலம் கிடைத்தது, எந்த மொழி கைகொடுத்தது, இடையில் எது தடைப்பட்டது, பின்னர் எதைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தீர்கள் என்று விரிவாக எழுதுங்கள். ஆட்களின் பெயரும் நிறுவனங்களின் பெயரும் வேண்டாம். இவற்றைத் தொகுத்து மாணவருக்கு வாசிக்கக் கொடுக்க விரும்புகிறேன்.

ஈய எழுத்து எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் அச்சுக்கோப்பாளனாகத் தொழிலைத் தொடங்கியவன். 1970களின் நடுப்பகுதியில், சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஜம்பட்டா வீதிப் பக்கம் இருந்த ஒரு சிறிய அச்சகத்தில் சேர்ந்தேன். என் தாய்மாமன் அந்த அச்சகத்துக்குக் கடதாசி விநியோகித்தவர். அவர் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்ததைத் தவிர எனக்கு வேறு தகைமை இருக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர் கையில் எழுத்துக் கோக்கத் தரமாட்டார்கள். அச்சடித்து முடிந்த பக்கத்தைக் கலைத்து, ஒவ்வோர் ஈய எழுத்தையும் அதற்குரிய அறையில் திரும்பப் போடுவதுதான் முதல் வேலை. எழுத்துகள் இடம்வலமாக மாறியிருக்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான தட்டு தமிழுக்குப் போதாது. கு, கூ, டி, டீ என்று உகர, ஊகார, இகர, ஈகார வரிசைகளுக்கு எல்லாம் தனித்தனி வார்ப்பு வேண்டும். 1978 இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு எங்கள் வேலை இன்னும் கூடியது. சில வாடிக்கையாளர் ணை, லை, னை ஆகியவற்றைப் பழைய தும்பிக்கை வடிவத்திலேயே கேட்டார்கள். சிலர் புதிய வடிவத்தைக் கேட்டார்கள். இரண்டையும் கலந்துவிடாமல் பார்க்க வேண்டியது கோப்பவரின் பொறுப்பு.

எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் கலியாண அழைப்பிதழ்கள், கோயில் திருவிழா விஞ்ஞாபனங்கள், இறந்தவரின் நினைவு மலர்கள். நினைவு மலர் என்றால் 31 ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு முன்னர் எப்படியும் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். தேவாரமும் திருவாசகமும் வம்சாவளியும் அதில் இருக்கும்; வம்சாவளியில் ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பத்தில் அது ஆண்டுக்கணக்கில் பேசப்படும். அதனால் ஒப்புநோக்குபவர் வீட்டுக்குப் போன பிறகும் வம்சாவளிப் பக்கத்தை நான் இன்னொரு தரம் வாசிப்பேன். இந்தப் பழக்கமே பிற்காலத்தில் எனக்குச் சோறு போட்டது.

1983 ஜூலையில் அந்த அச்சகம் எரிக்கப்பட்டது. முதலாளி குடும்பத்தோடு கப்பலேறி யாழ்ப்பாணம் போனவர் பின்னர் திரும்பவில்லை. ஈயம் உருகிப் போனதால் எடுக்கவும் எதுவும் இருக்கவில்லை. அதன் பிறகு சில ஆண்டுகள் புத்தகக் கடையொன்றில் பொதி கட்டினேன். 90களில் கணினித் தட்டச்சு பரவியபோது, என் மகள் வயதுடைய ஒரு பிள்ளையின் அருகில் மாலை வேளைகளில் உட்கார்ந்து பாமினி என்ற தமிழ் எழுத்துருவைப் பழகினேன். விசைப்பலகை புதிது, வரியின் நீளத்தைக் கண்ணால் மதிப்பிடுவதும், விடுபட்ட ஒற்றெழுத்தைப் பார்த்தவுடன் பிடிப்பதும் பழையவை. பக்கம் அமைப்பவனாக ஒரு வெளியீட்டாளர் என்னைச் சேர்த்துக்கொண்டது பழையவற்றுக்காகத்தான்.

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோட் குறிமுறை வந்த பின்னர் இன்னொரு வேலை பிறந்தது. பாமினியில் தட்டச்சிட்ட கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பழைய நூல்களின் கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றும்போது மென்பொருள் பெரும்பகுதியைச் சரியாகச் செய்தாலும் கொம்பும் காலும் இடம்மாறுவது உண்டு. அதை வாசித்துத் திருத்தத் தமிழ் தெரிந்த கண் வேண்டும். இன்றும் வீட்டிலிருந்து அந்த வேலையைத்தான் செய்கிறேன். மாணவருக்கு நான் சொல்லக்கூடியது: கருவி மாறும்போது, உங்கள் வேலையில் கருவியைச் சாராத பகுதி எது என்று கண்டுபிடித்து அதை விடாமல் வைத்திருங்கள்.

கணக்காய்வுப் பயிலுநர் எழுதியது:

ஐயா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நான் இப்போது ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் சி.ஏ. பயிற்சியில் இருக்கிறேன். அப்பா, அம்மாவின் விருப்பப்படி சேர்ந்தேன். பகலில் வாடிக்கையாளர் நிறுவனங்களுக்குப் போய்ப் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்ப்பதும் இரவில் பாடம் படிப்பதுமாக இருக்கிறது. ஒரே பாடத்தில் மீண்டும் மீண்டும் புள்ளி குறைகிறது. பயிற்சிக் காலத்தை முடிக்காமல் வெளியேறினால் இதுவரை செய்தது எதற்காவது உதவுமா? இத்துறையில் இருப்பவர்கள் யாராவது பதில் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

புதுக்கடை உரைபெயர்ப்பாளர் எழுதியது:

தம்பியின் கேள்விக்குக் கணக்காளர் எவராவது பதில் எழுதுவார்கள். நான் மொழியைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் என் வாழ்க்கையை அமைத்தது அதுதான்.

நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். ஒரே முற்றத்தைச் சுற்றித் தமிழ், சிங்களம், மலாய் பேசும் வீடுகள் இருந்தன. சிங்களத்தை விளையாட்டிலேயே கற்றுக்கொண்டேன். அதை ஒரு தகைமையாக அப்போது எவரும் எண்ணவில்லை. எண்ணவைத்தது நாட்டின் சட்டந்தான். அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இன் 16 ஆம் திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றத்திலும் மொழிப் பயன்பாட்டை விரிவாக வகுத்தது. சட்டம் வந்தவுடன் ஆள் வந்துவிடாது. இரண்டு மொழியிலும் எழுதவும் பேசவும் வல்லவர்களுக்கு அன்று தொடங்கிய தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை.

பேச்சுச் சிங்களம் மட்டும் போதாது என்பதை நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் பரீட்சைக்குத் தயாரானபோதுதான் உணர்ந்தேன். எழுத்துச் சிங்களம் வேறு. சட்டச் சிங்களம் இன்னும் வேறு. ஒரு காணி உறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு எல்லைகள், நில அளவையாளரின் வரைபட இலக்கம், ஏக்கர், ரூட், பேர்ச்சஸ் என்ற அளவுகள், முந்திய உறுதிகளின் தொடர் எல்லாம் சில வேளைகளில் ஒரே வாக்கியத்தில் பக்கக்கணக்கில் நீளும். 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர்; 40 பேர்ச்சஸ் ஒரு ரூட். இதில் ஓர் இலக்கம் பிசகினால் ஒரு குடும்பத்தின் வீடு வழக்குக்குப் போகும். சாட்சிக் கூண்டில் நிற்பவருக்கு மொழிபெயர்க்கும்போது பொறுப்பு இன்னும் கனமானது. சிங்களத்தில் பதியப்பட்ட வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்று விளங்காமலே கையொப்பமிட்டு வந்த மனிதர், அதில் உள்ளதை முதன்முறையாக என் வாயால் கேட்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அவர் சொல்வதைக் கூட்டவோ குறைக்கவோ மென்மையாக்கவோ எனக்கு உரிமை இல்லை. அவர் தடுமாறினால் அந்தத் தடுமாற்றமும் நீதிபதிக்குப் போய்ச் சேர வேண்டும்.

உரைபெயர்ப்பாளராகச் சேர்ந்தால்தான் மொழி உதவும் என்றில்லை. 2007 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் பின்னர் அரச சேவையில் சேருவோர் இரண்டாம் அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிவு பெற்றால் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை மொழிபெயர்த்தே ஒரு குடும்பத்தை நடத்தலாம்; வெள்ளவத்தையில் அப்படி நடத்துவோரை அறிவேன். ஆகவே வெட்டுப்புள்ளியைத் தவறவிட்ட பிள்ளை அடுத்த பரீட்சையைத் தெரிவுசெய்யும் முன்னர், சிங்களத்தை எழுத்தோடு முறையாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொழும்பில் பிறந்து வளர்ந்தும் முச்சக்கரவண்டிக்கு வழி சொல்வதற்கு மேல் சிங்களம் தெரியாமல் இருப்பது பெரிய இழப்பு.

தெஹிவளைத் தந்தை எழுதியது:

இங்கே எழுதியவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. இருந்தும் இந்த இழை பிள்ளைகளின் கைக்குப் போகப்போகிறது என்பதால் ஓர் எச்சரிக்கையைப் பதிய விரும்புகிறேன். இப்படிப்பட்ட இடத்தில் கரைசேர்ந்தவர்களே எழுதுவார்கள். அச்சகம் எரிந்த பிறகு பொதி கட்டுவதோடே வாழ்க்கை முடிந்துபோனவர்கள் எழுதுவதில்லை. பட்டமும் அரச உத்தியோகமும் வேண்டும் என்று எங்கள் தலைமுறை பிள்ளைகளை வற்புறுத்தியதற்குக் காரணம் பகட்டு அல்ல. நாடு எத்தனை தரம் குலுங்கினாலும் மாத முடிவில் சம்பளமும் அறுபதுக்குப் பின்னர் ஓய்வூதியமும் வந்துகொண்டிருந்தது அங்கேதான். 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில், முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்று கட்டுப்படுத்தியபோது, அந்த வண்டியை நம்பி இருந்த என் அயலவர் வீட்டில் என்ன நடந்தது என்று பார்த்தேன். அதே ஒழுங்கையில் எழுதுவினைஞராக இருந்தவரின் வீட்டில் விலைவாசி கடித்தது. ஆனால் அடுப்பு எரிந்தது.

வெள்ளவத்தை ஆசிரியை எழுதியது:

தந்தை அவர்களின் கருத்து நியாயமானது. தொகுப்பிலும் அதைச் சேர்ப்பேன். கரைசேராத கதைகளும் வேண்டும். தொழில் கைநழுவிப் போனவர்கள், பாதியில் விட்டவர்கள், இன்னும் நடுவில் நிற்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அவற்றை வாசிக்கும் மாணவர் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

அந்திநேர அடுப்பு எழுதியது:

மேலே கேட்டதால் எழுதுகிறேன். கணவர் காலமான பிறகு, இரண்டு பிள்ளைகளோடு, வெள்ளவத்தையில் வாடகை வீட்டிலிருந்து கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தேன். மாமி ஒருவர் தான் ஒரு கடைக்குக் கொடுத்துவந்த இடியப்பத்தில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்ததால் தொழில் தொடங்கியது. வறுத்த சிவப்பரிசி மாவைக் கொதிநீரில் குழைக்கும்போது பதம் தவறினால் உரலில் பிழிய முடியாது. இளகினால் தட்டில் ஒட்டும், இறுகினால் இழை அறும். மாலை ஐந்து மணிக்கு முன்னர் கடைக்குப் போக வேண்டும், பிந்தினால் கடைக்காரர் அடுத்த ஆளிடம் எடுத்துவிடுவார். சம்பலும் சொதியும் சேர்த்துக் கொடுத்தால் இலாபம் கூடும், ஆனால் தேங்காய் விலை ஏறும் மாதங்களில் அந்த இலாபம் தேங்காயோடே போய்விடும்.

2022 இல் எரிவாயு சிலிண்டர் கிடைக்கவில்லை. மாடிவீட்டில் விறகு எரிக்க முடியாது, மண்ணெண்ணெயும் இல்லை. கடைகளுக்குச் சொன்ன நேரத்தில் கொடுக்க முடியாமல் ஒவ்வொன்றாக இழந்தேன். இறுதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. உபகரணங்களில் பாதியை விற்றேன். மூத்த மகன் உயர்தர வகுப்பை விட்டு ஒரு கைத்தொலைபேசிக் கடைக்கு வேலைக்குப் போனான். அதுதான் இன்றுவரை எனக்கு மாறாத வேதனை. இப்போது மீண்டும் இரண்டு வீடுகளுக்கும் ஒரு கடைக்கும் மட்டும் கொடுக்கிறேன். பழைய அளவுக்கு வரவில்லை, வருமா என்றும் தெரியாது. மகன் கைத்தொலைபேசி திருத்தக் கற்றுக்கொண்டான், அதில் கெட்டிக்காரன் என்று கடை முதலாளி சொல்கிறார். அவனுக்குச் சான்றிதழ் ஏதும் இல்லை. அதற்கு வழியிருந்தால் யாராவது சொல்லுங்கள்.

குளிரூட்டித் தொழில்நுட்பர் எழுதியது:

அக்கா, வழியுண்டு. வேலை செய்து கற்றவர்களின் திறனைப் பரிசோதித்து, வகுப்புக்குப் போகாமலே தேசிய தொழிற்தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் தரும் முறை நடைமுறையில் இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் என்.வி.கியூ. 4 ஆம் மட்டத்தைப் பெற்றேன். 5 ஆம், 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமாவுக்கும் 7 ஆம் மட்டம் பட்டத்துக்கும் நிகராக வகுக்கப்பட்டவை. ஆகையால் உயர்தரத்தை விட்ட பிள்ளைக்கும் மேலே போகப் படி இருக்கிறது. நாரஹேன்பிட்டியில் உள்ள தொழிற்பயிற்சி அதிகாரசபைக்கு மகனை அழைத்துச் சென்று கேளுங்கள். போகும்போது கடை முதலாளியிடமிருந்து, எந்தத் திகதியிலிருந்து என்ன வேலை செய்கிறார் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

கோப்பை வரிசை எழுதியது:

நான் டிம்புள்ளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார்; அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உலர்த்தும் இயந்திரத்தடியில் வேலை செய்தார். இன்று நான் கொழும்பில் தேயிலைத் தரகு நிறுவனமொன்றின் சுவைப் பகுதியில் இருக்கிறேன். எங்கள் மலையகப் பிள்ளைகள் கொழும்புக்கு வந்தால் கடைக்கும் வீட்டு வேலைக்கும் மட்டுமே என்று நினைப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொழும்பில் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கியது. உற்பத்தியின் பெரும்பகுதி இன்றும் அந்த ஏலத்தின் வழியாகவே விற்பனையாகிறது. 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது மண்டபத்தில் கூடி விலை கூவும் முறை நின்று, ஏலம் கணினிக்கு மாறியது. ஏலத்துக்கு முன்னர் ஒவ்வொரு தொகுதியின் மாதிரியும் தரகு நிறுவனத்துக்கு வரும். நான் சேர்ந்தது அந்த மாதிரி அறையில், பொதிகளில் இலக்கம் ஒட்டும் வேலைக்கு. உயர்தரம் சித்தி, ஓரளவு ஆங்கிலம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எங்கள் தோட்டத்துப் பாடசாலை அதிபருக்குத் தெரிந்த ஒருவர் வெற்றிடம் இருப்பதைச் சொன்னார்.

சுவைப்பது இப்படி நடக்கும். நீளமான மேசையில் மூடியுள்ள வெள்ளைப் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு தூளை நிறுத்துப் போட்டு, புதிதாகக் கொதித்த நீரை ஊற்றி, ஐந்தாறு நிமிடம் மூடிவைத்து, சாயத்தைக் கோப்பையில் வடித்து, ஊறிய இலையை மூடியின்மேல் கவிழ்த்து வைப்போம். சுவைஞர் முதலில் காய்ந்த தூளைப் பார்ப்பார், பிறகு ஊறிய இலையின் நிறத்தையும் மணத்தையும், பின்னர் சாயத்தை. கரண்டியால் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கு முழுவதும் படவிட்டுத் துப்பிவிட வேண்டும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு அந்த அறைக்குள் எவரும் வரமாட்டார்கள்.

மாதிரி அறையில் இருந்த காலத்தில், சுவைஞர் ஒரு கோப்பையை ஒதுக்கி வைக்கும்போது அதன் தொகுதி இலக்கத்தைக் குறித்து வைத்து, வேலை முடிந்த பிறகு ஆறிப்போன அந்தக் கோப்பையை நானும் சுவைத்துப் பார்ப்பேன். ஒரு நாள் அவர் கேட்டபோது, “இதில் புகை மணக்கிறது, உலர்த்தும் இயந்திரத்தில் எங்கோ கசிவு இருக்கும்” என்று சொன்னேன். அப்பா வீட்டில் பேசிப் பேசிக் கேட்ட விடயம் அது. அடுப்பறைப் புகை உலர்த்தும் அறைக்குள் கசிந்தால் இலையில் ஏறிவிடும். அதன் பின்னர் அவர் என்னை மேசைக்குக் கூப்பிட்டுப் பழக்கினார். 4,000 அடிக்கு மேலே விளைவதும், 2,000 அடிக்குக் கீழே ருஹுணு, சப்ரகமுவப் பக்கம் விளைவதும் கோப்பையில் எப்படி வேறுபடுகின்றன, டிம்புள்ளையின் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை வரும்போது அந்தச் சாயத்தில் என்ன மாற்றம், ஊவாவுக்கு ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வீசும் காற்று என்ன செய்கிறது என்பனவெல்லாம் ஆண்டுக்கணக்கில் நாக்கில் பதிய வேண்டியவை. மத்திய கிழக்கு வாங்குபவர்கள் தாழ்நிலத்தின் முறுக்கிய பெரிய இலையை ஏன் தேடுகிறார்கள் என்பது போன்ற வியாபார அறிவும் கூடவே வேண்டும்.

எங்கள் அறிக்கை தொழிற்சாலைக்குத் திரும்பிப் போகும். அதைப் பார்த்து அவர்கள் இயந்திரத்தைத் திருத்துவார்கள். அம்மா எடுத்த கொழுந்துக்கு விலை எங்கே தீர்மானமாகிறது என்பது எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாருக்கும் தெரியாது. தோட்டத்துப் பிள்ளைகள் இந்த மேசைக்கு இன்னும் அதிகமாக வர வேண்டும் என்பது என் ஆசை. இலையைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதைக் கொழும்பு அலுவலகங்கள் அறிவாகக் கணக்கெடுப்பதில்லை.

கணக்கேடு எழுதியது:

பயிலுநர் தம்பிக்கு. நான் பட்டயக் கணக்காளர். இப்போது ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் நிதிப் பகுதியைப் பார்க்கிறேன். செய்த பயிற்சி வீண்போகாது. பயிற்சிக் காலத்தை முடித்து அதற்குரிய பதிவேட்டில் கையொப்பம் பெற்றவர்கள், பரீட்சை முழுவதும் முடியாவிட்டாலும், நிறுவனங்களின் கணக்குப் பகுதிகளில் தாராளமாகச் சேர்க்கப்படுகிறார்கள். விளம்பரங்களைப் பார்த்தால் பகுதித் தகைமை உள்ளவர்களைப் பெயர் சொல்லியே கேட்பார்கள். ஆகவே விடுவதானால் பரீட்சையைத் தள்ளிப்போடுங்கள், மூன்று ஆண்டுப் பயிற்சியை அரைகுறையாக விடாதீர்கள். இடைவழியில் அதை நிறுத்தினால், அடுத்த நேர்முகத்தில் முதலில் கேட்கப்படுவது அதுவாகவே இருக்கும்.

ஆங்கிலத்தில் எழுதுவது தடையாக இருக்கிறதா என்றும் யோசித்துப் பாருங்கள். தமிழ்மொழி மூலத்தில் படித்த பலர் கணக்கில் புலிகளாக இருந்தும், சட்டமும் முகாமைத்துவமும் விளக்கி எழுத வேண்டிய பாடங்களில் புள்ளி இழக்கிறார்கள். அப்படியானால் கணக்கை மேலும் படிப்பதில் பயன் இல்லை; விடை எழுதிப் பழகி ஒருவரிடம் திருத்தக் கொடுக்க வேண்டும்.

கணக்காய்வுப் பயிலுநர் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. நீங்கள் சொன்னது சரி, புள்ளி குறைவது சட்டப் பாடத்தில்தான். பயிற்சியை முடிப்பதென்று தீர்மானித்துவிட்டேன். கோப்பை வரிசை அக்கா எழுதியதை வாசித்த பிறகு, கணக்காய்வுக்குப் போகும் இடங்களில் கணக்கறைக்கு வெளியே என்ன நடக்கிறது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நான்காம் குறுக்குத்தெரு எழுதியது:

பதுளைப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் புறக்கோட்டைக்கு வந்து, மொத்த வியாபாரக் கடையில் நின்று, இன்று சிறிய அளவில் சொந்தமாகப் பருப்பும் வெங்காயமும் மிளகாயும் விற்கிறேன். கடைக்கு மேல்மாடியில் படுத்து, விடியுமுன் லொறி வந்தவுடன் நாட்டாமைமாரோடு, அதாவது மூட்டை சுமப்பவர்களோடு, மூட்டை எண்ணி எழுதியதுதான் என் படிப்பு. நடைபாதையில் நின்று பார்ப்பவருக்குக் கூச்சல் மட்டுமே தெரியும். உள்ளே இருப்பவர் துறைமுகத்தில் எத்தனை கொள்கலன் இறங்கியது, தம்புள்ளை மொத்தச் சந்தையில் இன்று என்ன விலை, இறக்குமதிப் பொருளுக்கான விசேட பண்ட வரி மாறுமா என்று மூன்று பக்கமும் காதை வைத்திருக்க வேண்டும். அந்த வரி இரவோடிரவாக வர்த்தமானியில் மாறும். காலையில் கடை திறக்கும்போது கையில் உள்ள சரக்கின் பெறுமதியே வேறாகிவிடும். 2023 டிசெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது, பழைய விலையில் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்த வாடிக்கையாளருக்கு நட்டத்தோடு கொடுத்தேன். புறக்கோட்டையில் வாய்ச்சொல்லில் கடன் ஓடுகிறது; சொல்லை மாற்றினால் நாளை சரக்குக் கிடைக்காது.

தெஹிவளைத் தந்தை ஓய்வூதியத்தைப் பற்றி எழுதினார். அதற்காகவே எழுத வந்தேன். நான் முதலில் வேலை செய்த கடையில் நெடுங்காலம் நின்றும் எனக்கு ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி கட்டப்படவில்லை. சாப்பாடும் இருப்பிடமும் தருகிறோம் என்பதே சொல்லப்பட்ட காரணம். அங்கே என்னோடு நின்ற ஒருவர் முதுமையில் வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பினார். அந்த நிதிக்கான 1958 ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் கடை ஊழியருக்கும் பொருந்தும். சம்பளத்தில் 8 வீதம் ஊழியரிடமிருந்தும் 12 வீதம் முதலாளியிடமிருந்தும் அதற்குப் போக வேண்டும். அதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் முதலாளியே கட்ட வேண்டும். அரச உத்தியோகம் இல்லாதவருக்கு முதுமைக் காலத்துக்கு இருக்கும் பெரிய பிடி இதுதான். என் கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலிருந்தே கட்டுகிறேன்.

அந்திநேர அடுப்பு எழுதியது:

அண்ணா, என் மகனுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஆனால் கட்டுகிறார்களா என்று தெரியவில்லை. எப்படிப் பார்ப்பது? கேட்டால் முதலாளி கோபிப்பாரோ என்று பயமாக இருக்கிறது.

நான்காம் குறுக்குத்தெரு எழுதியது:

தங்கச்சி, முதலில் மகனிடம் அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் இருக்கும். இல்லாவிட்டால், தேசிய அடையாள அட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும் என்று சொல்லி முதலாளியிடம் கேட்கலாம், அதில் கோபிக்க எதுவும் இல்லை. நிதியை வைத்திருப்பது மத்திய வங்கி; இலக்கம் தெரிந்தால் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அங்கே அறியலாம். ஒரு மாதத்துக்கான பணம் அடுத்த மாத இறுதிக்குள் போய்ச் சேர வேண்டும், பிந்தினால் முதலாளிக்கு மேலதிகக் கட்டணம் விழும். பிடித்தும் கட்டவில்லை என்று தெரிந்தால் முறைப்பாட்டை எடுப்பது தொழில் திணைக்களம். அதன் தலைமையகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. சம்பளச் சீட்டுகளையும் நியமனக் கடிதத்தையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நியமனக் கடிதம் கொடுக்கப்படவில்லை என்றால், குளிரூட்டித் தம்பி மேலே சொன்ன கடிதத்தைச் சான்றிதழுக்காக என்று கேட்டு வாங்குங்கள். எந்தத் திகதியிலிருந்து வேலை செய்கிறார் என்பதற்கு அதுவே எழுத்து ஆதாரமாகும்.